அக்காவின் தைப்பட்டம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் காசு கொடுத்துக் கீரை வாங்கியவர்கள். மீதிப் பேர் சொந்தக்காரர்கள், காசு கொடுக்காமல் வாங்கியவர்கள். ஆகவே அக்கா யார் என்று புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஒரு மலர் வெளியிட வேண்டும் என்று அப்பா விரும்பினார். கூடப் பிறந்த ஒரே தங்கை என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. யாராவது தன்னை உயர்த்தி வைத்துப் பேசினால் அக்கா எழுந்து உள்ளே போய்விடுவார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அம்மாவின் ஊரான மண்ணூரில். வளர்ந்தது வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிட்டுவந்தார். பிறகு ஒரகடத்தில் தொழிற்பேட்டை வந்தது. நிலத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது. மீதியை அப்பா விற்றார். கடைசியில் வீடும், வீட்டுக்குப் பின்னால் கிணற்றோடு சேர்ந்த ஒரு துண்டு நிலமும் மிஞ்சின. வீட்டை ஒட்டி வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனி வேலைக்குத் தெற்கிலிருந்து வரும் பையன்களுக்கு அப்பா வாடகைக்கு விட்டார். எங்கள் குடும்பம் அந்த வாடகையில்தான் நடந்தது.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் பேச்சு அடியோடு நின்றுவிடும், வேலை மட்டும் நிற்காது. அம்மாவோடு சண்டை போட்ட நாட்களில் வீடு கூடுதல் சுத்தமாக இருக்கும்.

இருபது வயதில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள். மூன்றாம் வருஷப் பொங்கலுக்குத் தாய்வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை அக்கா யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சத்தையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பஞ்சாயத்துப் பேச வந்தவர்கள் இரண்டு மூன்று முறை வந்து போனார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, போகமாட்டேன் என்று மட்டும் சொன்னார். பிறகு முறைப்படி விவாகரத்து ஆனது.

அடுத்த சில வருஷங்கள் அக்கா செல்போன் உதிரிப்பாகம் பொருத்தும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தார். நின்றுகொண்டே செய்கிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வார். அந்த வேலையைப் பற்றி அக்கா ஒருபோதும் குறை சொன்னதில்லை. வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் இருந்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒரு தீபாவளிக்குப் பிறகு அவருடைய லைனில் இருந்தவர்களுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அக்கா மறுபடியும் வீட்டோடு ஆனார்.

அந்தச் சமயம் அப்பா பின்பக்க நிலத்திலும் அறைகள் கட்ட முடிவெடுத்துச் செங்கல் இறக்கியிருந்தார். பொங்கல் கழிந்து வேலையை ஆரம்பிப்பதாக மேஸ்திரியிடம் பேச்சும் முடிந்திருந்தது. அக்கா அப்பாவிடம் போய், அந்த இடத்தை ஒரு வருஷம் தனக்கு விடும்படி கேட்டார்.

“வுட்டா இன்னா பண்ணுவ?” என்றார் அப்பா.

“காய்கறி போடுவேன்.”

“நான் ஏக்கர் கணக்குல போட்டே ஒண்ணும் மிஞ்சல. நீ இந்தத் துண்டுல போட்டு இன்னா எடுக்கப் போற?”

“ரூம்ல இருக்கிறவங்க அத்தினி பேரும் காய் வாங்கித்தானப்பா ஆவணும். அத நம்மகிட்ட வாங்கட்டும்.”

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மேஸ்திரியை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். இறக்கிய செங்கலில் ஒரு பகுதி பின்னாளில் பாத்திகளுக்கு நடுவே நடைபாதையாக ஆனது.

அது நல்ல மண் அல்ல. அறைகள் கட்டியபோது கொட்டிய சிமென்ட் கட்டிகளும் ஓட்டுத் துண்டுகளும் ஒயர்களும் பாட்டில் மூடிகளும் மண்ணுக்குள் கிடந்தன. மார்கழி முழுக்க அக்கா அவற்றைக் கொத்திப் பொறுக்கினார். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்தவர் வீட்டிலிருந்து மக்கிய எருவை வாங்கிக் கொட்டிக் கலந்தார். நாற்றுவிட அக்கா கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. கம்பெனிகளில் உதிரிப்பாகங்களை அடுக்கி அனுப்பும் பள்ளம் பள்ளமான பிளாஸ்டிக் தட்டுகள் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும். அவற்றை வாங்கிவந்து ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் ஓட்டை போட்டு, எருவும் மண்ணும் நிரப்பி, கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளை ஊன்றினார். பனி இறங்காமல் இருக்க மேலே பழைய பாலிதீன் தாள். காலையில் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெந்துபோகும். அந்தத் தாளை எடுப்பதும் மூடுவதும் அக்காவின் அன்றாட வேலையாக ஆயின.

பொங்கல் முடிந்து வெயில் சற்று ஏறத் தொடங்கும். பனியும் இருக்கும், பகலில் சூடும் இருக்கும். தைப்பட்டம் என்பார்கள், நாற்றைப் பிடுங்கி நட அந்த நாட்கள்தான் ஏற்றவை. அக்கா சாயங்காலத்தில்தான் நடுவார். காலையில் நட்டால் மதிய வெயிலில் துவண்டுவிடும் என்பார். ஒரு பக்கம் கத்தரியும் தக்காளியும், ஓரங்களில் மிளகாய், கிணற்றுப் பக்கம் வெண்டை விதை, நிழல் விழாத நடுப்பாத்திகளில் சிறுகீரையும் அரைக்கீரையும் முள்ளங்கியும். சுவர் ஓரமாகப் புடலையும் பாகலும் ஊன்றி, மரச்சட்டங்களை உடைத்துப் பந்தல் போட்டார். அந்தச் சட்டங்களும் கம்பெனிச் சரக்கோடு வந்து இரும்புக் கடைக்குப் போனவைதான்.

முதல் வருஷம் கத்தரியில் பாதி வாடிச் செத்தது. மிளகாய் இலை சுருண்டுபோனது. கீரை மட்டும் வந்தது. அக்கா அதை அறுத்து, வாழைநாரில் கட்டி, கூடையில் அடுக்கி, எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் உட்கார்ந்தார். நைட் ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு இறங்குகிற பையன்களும், விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களும் வாங்கினார்கள். விவாகரத்து ஆன பெண் தெருவில் உட்கார்ந்து கீரை விற்கிறாள் என்று உறவில் சிலர் அம்மாவிடம் வருத்தப்பட்டார்கள். அம்மா அழுதார். அக்கா மறுநாளும் போய் உட்கார்ந்தார்.

அடுத்தடுத்த வருஷங்களில் மண் பழகியது. அக்காவின் நாள் எப்படிப் போகும் என்பதைத் தோட்டத்துக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும்போது மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவார். பாய்ச்சிக்கொண்டே ஒவ்வொரு செடியாகப் பார்ப்பார். கத்தரியில் வாடித் தலை சாய்ந்த நுனி இருந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அதைக் கிள்ளி எடுத்து நசுக்குவார். அவரையில் அசுவினிப் பூச்சி அடைந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளிப்பார். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதால், காய்ச்சலாக இருந்தாலும் கூடையோடு போய்விடுவார். விற்றுவிட்டு வந்து களை எடுப்பார். மதியம் ஒரு தூக்கம். சாயங்காலம் மறுநாளைக்கான கீரையை அறுத்துக் கட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். எனக்கு அந்த வேலைகள் அலுப்பாகத் தோன்றும். அக்காவுக்கு அலுத்ததில்லை. முன்பு எந்நேரமும் நெற்றியில் இருந்த சுருக்கம் அந்த வருஷங்களில் போய்விட்டதை அம்மாதான் முதலில் கவனித்தார்.

இன்று நான் மாமா என்று கூப்பிடுகிறவர் இந்தச் சமயத்தில்தான் வந்தார். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர். ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு, எங்கள் அறைகளில் ஒன்றில் இன்னும் இருவரோடு குடியிருந்தார். அறையில் இருந்த பையன்கள் எல்லாரும் அக்காவை “அக்கா” என்றே கூப்பிடுவார்கள். மாமா மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “ஏங்க” என்பார். இதை நாங்கள் யாரும் அப்போது கவனிக்கவில்லை.

ஒருநாள் அவர் அக்காவிடம் சீனியவரைக்காய் கிடைக்குமா என்று கேட்டார். அக்கா அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. எப்படி இருக்கும் என்றார். பச்சையாக, நீளமாக, ஒல்லியாக இருக்கும் என்றும், தன் ஊரில் அது இல்லாத வீடே இல்லை என்றும் மாமா சொன்னார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் மறக்காமல் விதையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டுவந்தார். அக்கா அதற்கென்று தனிப்பாத்தி போட்டார். புது வகை அவரை என்று நினைத்துக் கொடி படரக் குச்சியும் நட்டுவைத்தார். செடி படரவில்லை, நிமிர்ந்தே நின்றது. பூத்தது. பிஞ்சு வந்த அன்று அக்கா மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“இது கொத்தவரங்காங்க.”

“அதான், சீனியவரக்கா. எங்கூர்ல இப்படித்தான் சொல்லுவோம்.”

“இதுக்கா அவ்ளோ தூரத்துல இருந்து வெதை கொண்டாந்தீங்க? இங்க எல்லாக் கடையிலயும் கீதே.”

“கடையில பாத்தேன். பேரு தெரியாம எப்படிக் கேக்கன்னு விட்டுட்டேன்” என்றார் மாமா.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அக்கா சத்தமாகச் சிரிக்கும் ஓசை கேட்டது. அவர் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன்பின் விடுமுறை நாட்களில் மாமா தோட்டத்தில் களை எடுக்க வந்தார். அவரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர். பந்தலை அவர்தான் உறுதியாக மாற்றிக் கட்டினார். ஊர் கவனிக்கத் தொடங்கியது. அவர் அக்காவைவிட இரண்டு வயது இளையவர். வேறு ஊர், வேறு ஆட்கள். அப்பாவின் காதுக்குப் பேச்சு வந்ததும், மாமாவை அறையைக் காலி செய்யச் சொன்னார். மாமா அடுத்த தெருவுக்குக் குடிபோனார். அன்று சாயங்காலம் அக்கா அப்பாவின் முன்னால் வந்து நின்று, அவரைத்தான் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னார்.

“ஊரு இன்னா பேசும்னு நெனச்சிப் பாத்தியா?” என்று அப்பா கேட்டார்.

“ஊரு நல்லா பேசுற எடமாப் பாத்துத்தான் மொதல்ல கட்டிக் குடுத்தீங்க. அங்க நான் பட்டப்ப ஊரு வந்துச்சாப்பா?”

அப்பாவிடம் அக்கா வாழ்நாளில் எதிர்த்துப் பேசியது அந்த ஒருமுறைதான். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. சோறு போடவா என்று அக்கா கேட்பதும், போடச் சொல்லு என்று அப்பா அம்மாவிடம் சொல்வதுமாக மாதங்கள் போயின. அப்பாவின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் வேண்டாம் என்று அக்காவும் மாமாவும் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா வழக்கம்போல் மார்கழியில் விதை ஊன்றி, தையில் நாற்று நட்டார்.

அந்த மாசியில்தான் அது நடந்தது. விடியற்காலை அக்கா தண்ணீர் பாய்ச்சப் போனார். சற்று நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குரலில் அவசரம் இல்லை. போய்ப் பார்த்தால், நடைபாதைச் செங்கல்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலுக்கு மேல் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கண்ணாடிவிரியன், கீரைப் பாத்திக்குள் போய்விட்டது, யாரும் உள்ளே இறங்காதீர்கள் என்றார். கால் கண்ணெதிரே வீங்கியது. அப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். வெகுதூரத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

நான் தெருமுனைக்கு ஓடினேன். அப்போதுதான் மாமாவின் கம்பெனி பஸ், நைட் ஷிப்ட் ஆட்களை இறக்க வந்து நின்றது. மாமா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவரே, “கூட்டியாங்க, நான் வண்டியத் திருப்பி வெக்கிறேன்” என்றார். மாமா ஓடிப்போய் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு அவரும் ஏறினார். பஸ்ஸுக்குள் அடுத்த ஊர்களில் இறங்க வேண்டியவர்கள் இருபது முப்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. பின்னிருக்கையை அக்காவுக்கு விட்டுவிட்டு நின்றுகொண்டார்கள். எங்கேயும் நிற்காமல் பஸ் ஶ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைக்குப் போனது. உடனே மருந்து ஏற்றினார்கள். பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. சில நாட்கள் அக்கா கண் திறந்து திறந்து மூடினாரே தவிர, யாரையும் அடையாளம் கண்டு பேசவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரே பெஞ்சின் இந்தக் கோடியில் அப்பாவும் அந்தக் கோடியில் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா இருந்த லீவு முழுவதையும் போட்டுவிட்டு அங்கேயே கிடந்தார். அவர் வாங்கிவரும் டீயை அப்பா தொடமாட்டார், அது பக்கத்தில் ஆறிப்போகும். அக்கா தெளிந்து கண்விழித்தபோது அப்பா அருகில் இருந்தார். நாற்றுக்குத் தண்ணீர் விட்டீர்களா என்பதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி. பாம்பு இருந்த இடம் என்று பயந்து நாங்கள் ஒருவரும் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. அப்பா எழுந்து வெளியே வந்தார். மாமாவின் முன்னால் நின்றார்.

“நான் இங்க பாத்துக்கினு இருக்கேன். நீ போயி செடிக்குத் தண்ணி வுட்டுட்டு வா. எந்தப் பாத்திக்கு எவ்ளோ வுடணும்னு எனக்குத் தெரியாது.”

மாமா எழுந்து போனார். அப்பா தன் சம்மதத்தை அதற்குமேல் எந்தச் சொல்லாலும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. வைகாசியில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் திருமணம் நடந்தது. அக்கா இன்னும் முழுதாகத் தேறாமல் இருந்ததால் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பிராகாரம் சுற்றினார். தெற்கிலிருந்து மாமாவின் அண்ணன் குடும்பம் மட்டும் வந்திருந்தது. விருந்துக்கு வேண்டிய காயில் முக்கால்வாசி எங்கள் தோட்டத்துக் காய்.

அதன்பின் வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஷிப்ட்டுக்கு ஏற்றபடி தோட்ட வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பாத்திக்குள் இறங்குமுன் நீண்ட கழியால் தட்டிவிட்டு இறங்குவது இருவருக்கும் பழக்கமானது. குழந்தை இல்லை. அக்காவின் உடல்நிலைக்கு அது ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னார்கள். அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஒருமுறை என்னிடம் சொன்னார், பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தபோது கடைசிவரை பார்த்துக்கொண்டவர்கள் அக்காவும் மாமாவும்தான். நான் அதற்குள் திருமணமாகித் தாம்பரத்துக்கு வந்துவிட்டேன். அம்மா போன பிறகு அப்பாவும் தோட்டத்துக்குள் வரத் தொடங்கினார். காய் எடை போடுவது அவர் வேலை. எடை போட்ட பிறகும் அக்கா ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போடுகிறார் என்று தினமும் குறைப்பட்டுக்கொள்வார்.

சில வருஷங்கள் கழித்து அக்காவுக்குப் பாதம் வீங்கத் தொடங்கியது. ஈரத்தில் நிற்பதால் என்று நினைத்தோம். சோதித்துப் பார்த்ததில் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்றார்கள். அன்றைய பாம்புக்கடிதான் காரணமா என்று கேட்டோம். இருக்கலாம் என்றார்களே தவிர உறுதியாகச் சொல்லவில்லை. வாரத்தில் சில நாட்கள் டயாலிசிஸ் என்றானது. மாமா தன் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தார், பொருந்தவில்லை. நானும் சோதித்துக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது, கூடாது என்றுவிட்டார்கள்.

அந்த நோயில் கீரை ஆகாது, தக்காளி ஆகாது. மற்ற காய்களையும் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். தண்ணீர்கூட அளந்து குடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கீரை கொடுத்தவர் கீரையைத் தட்டில் பார்க்க முடியாமல் போனது. கீரை விதைப்பதை விட்டுவிடலாமே என்று நான் சொன்னேன். எனக்கு ஆவாதுன்னா மத்தவங்களும் துன்னக்கூடாதா என்று கேட்டார். அவர் அதைச் சலிப்போடு சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் நடக்க முடியாது, படுத்துவிடுவார். மறுநாள் விடியும்போது தோட்டத்தில் இருப்பார். ஊசி போடும் கையில் பாரம் தூக்கக்கூடாது என்பதால் மாமா தண்ணீர் சுமந்தார், அக்கா மற்றொரு கையால் களை பிடுங்கினார்.

சென்ற வருஷம் தையிலும் நாற்று நட்டார். குனிய முடியவில்லை. தாழ்வான முக்காலி ஒன்றைப் பாத்தி ஓரமாக நகர்த்தி நகர்த்திப் போட்டுக்கொண்டு, மாமா குழி போட, அக்கா நாற்றை வைத்து மண் அணைத்தார். இரண்டு மூன்று சாயங்காலங்கள் அதற்கு ஆயின. போதும் விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா சொன்னபோது, நீங்கள் ஆழமாக நடுகிறீர்கள் என்று அக்கா குறை சொன்னதாக மாமா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பங்குனியில் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். நான் பார்க்கப் போன இரண்டாம் நாள் அக்கா தெளிவாகப் பேசினார்.

“இங்க ஒக்காந்து இன்னா பண்ணப் போற? வெண்டக்கா முத்திடும். உங்க மாமா இங்க கீறாரு, அப்பாவுக்குக் கண்ணு செரியாத் தெரியாது. நீ போயி பறிச்சிடு” என்றார்.

நான் ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை அப்பா கூடையைப் பிடித்துக்கொள்ள நான் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். மாமாவின் போன் வந்தது. மீதியிருந்த வரிசையையும் பறித்து முடிக்கச் சொன்னார் அப்பா. பிறகுதான் கிளம்பினோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாமா தன் துணிகளைப் பையில் எடுத்துவைத்தார். அக்கா இல்லாத வீட்டில் தான் இருப்பது முறையாகாது என்றும், ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். உறவினர்கள் சிலர் அப்போது கூடத்தில் இருந்தார்கள். அப்பா எல்லார் முன்னாலும் பதில் சொன்னார்.

“போறதுன்னா போ. உன்னப் புடிச்சி வெக்கிறதுக்கு எனக்கு இன்னா ஞாயம் கீது? எனக்கு ரெண்டு பொண்ணு. ஒண்ணு தாம்பரத்துல குடும்பம் பண்ணுது. ஒண்ணு போயிடுச்சி. வூட்ல மிச்சம் கீற புள்ள நீ ஒருத்தன்தான்.”

மாமா நின்றபடியே இருந்தார். பையை யாரோ உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

பாம்பு கடித்த அன்று விடியற்காலை வழியை மாற்றி வண்டியைத் திருப்பிய டிரைவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. கம்பெனியில் அவரிடம் விளக்கம் கேட்டபோது, அந்தப் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் அவருக்காகப் போய் நின்றார்கள். அவர்களில் பலரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் அவர்களில் யார் கைக்காவது போனால் எங்கள் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அக்கா பிழைத்து வாழ்ந்த வருஷங்கள் நீங்கள் கொடுத்தவை. அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஊசி போடும்போதெல்லாம் தோட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்த டயாலிசிஸ் பிரிவு செவிலியர்களுக்கும், நள்ளிரவு, விடியல் என்று பாராமல் ஆட்டோ எடுத்துவந்த பக்கத்து வீட்டாருக்கும், எங்கள் அறைகளில் குடியிருந்து, வேறு ஊர்களுக்கு வேலை மாறிப் போன பின்பும் செய்தி கேட்டு வந்து பாடையைத் தோளில் சுமந்த தம்பிகளுக்கும், சங்கரன்கோவிலிலிருந்து வந்து எங்களோடு இருந்த மாமாவின் அண்ணன் குடும்பத்தாருக்கும் நன்றி சொல்கிறோம்.

இந்தத் தையிலும் மாமா நாற்று நட்டார். ஆழம் சரியாக இருக்கிறதா என்று அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். செடிகள் நன்றாக வந்திருக்கின்றன. இன்றைய படையலுக்கும் பந்திக்கும் வேண்டிய காய் அங்கேதான் பறித்தது. இன்னும் நிறைய இருக்கிறது. வாசலருகே கூடைகளில் கத்தரியும் வெண்டையும் கீரைக்கட்டுகளும் வைத்திருக்கிறோம். சாப்பிட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பையில் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். இந்த வீட்டில் இப்போது சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர்தான்.

தங்கை